மூடிய பெட்டியின் வேதியியல்

1959இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் கிப்சன் தொழிற்சாலை செய்த லெஸ் பால் கிட்டார் இன்று விற்பனைக்கு வந்தால் லட்சக்கணக்கான டாலர் போகிறது. அது வந்த பெட்டி, பழுப்பு மேலுறையும் உள்ளே ரோஜா நிற ப்ளஷ் துணியுமாக லிஃப்டன் நிறுவனம் செய்தது, காலியாக விற்றாலே சில ஆயிரம் டாலர் தேறும். வெறும் பெட்டிக்கா என்று கேட்கத் தோன்றும். கிட்டாருக்கு இன்று கிடைக்கும் விலையில் கொஞ்சத்தைச் சம்பாதித்துக் கொடுத்ததே அந்தப் பெட்டிதான். 1958, 59இல் கிப்சன் பூசிய சிவப்புச் சாயம் வெளிச்சம் தாங்காது. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் கொஞ்ச நாள் தொங்கினாலே செர்ரிச் சிவப்பு வெளுக்க ஆரம்பித்துத் தேன் நிறத்துக்குப் போய்விடும். சில கிட்டார்களில் சிவப்பு இருந்த சுவடே இல்லை. 1960இல் சாயத்தையே மாற்றிவிட்டார்கள். ஆக, அந்த இரண்டு ஆண்டுக் கிட்டார் ஒன்று இன்னும் சிவப்பாக இருக்கிறது என்றால் வாழ்நாளில் பெரும்பகுதியைப் பெட்டிக்குள் இருட்டிலேயே கழித்திருக்கிறது என்று அர்த்தம்.

வெளிச்சத்தைத் தடுத்த பெட்டி காற்றையும் தடுத்திருக்கும். சிக்கல் அங்கே தொடங்குகிறது. மரம், பசை, துணி, தோல், உலோகம், பிளாஸ்டிக் எல்லாம் அறுபது எழுபது ஆண்டுகளாக ஒரே ஐம்பது லிட்டர் காற்றைப் பங்குபோட்டுக்கொண்டு கிடந்திருக்கின்றன. ஒன்று விடும் ஆவி இன்னொன்றின் மேல் படிகிறது. பழைய கிட்டார் பெட்டியைச் சுத்தம் செய்வது என்றதும் வாளியும் சோப்புத் தண்ணீருமாக உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு. வெளியே தெரியும் அழுக்கால் கிட்டாருக்குப் பெரிய கெடுதல் இல்லை. உள்ளே இருக்கும் காற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1950களின் நல்ல பெட்டி எதை எடுத்துக்கொண்டாலும் கட்டுமானம் ஏறக்குறைய ஒன்றுதான். மெல்லிய ப்ளைவுட்டில் ஒரு கூடு. அதன்மேல் வச்சிரம் தடவி ஒட்டிய மேலுறை. உள்ளே கிட்டார் படுக்க அட்டையும் பஞ்சும் வைத்து, அதன்மேல் இழைகள் நிமிர்ந்து நிற்கும் ப்ளஷ். ஃபெண்டர் பெட்டிகளுக்கு ட்வீட் என்று சொல்லப்படும், மஞ்சளும் பழுப்புமாகச் சாய்கோடு ஓடும் பருத்தித் துணி மேலுறை. மலிவான கிட்டார்களுக்கு அழுத்திய அட்டையில் பெயின்ட் அடித்த பெட்டி. 1960களில் பிவிசி பூசிய டோலெக்ஸ் வந்தது. பஞ்சின் இடத்தைப் பாலியூரித்தேன் நுரை பிடித்ததெல்லாம் அதற்கும் பிறகு.

இந்தப் பட்டியலில் வில்லங்கம் பிடித்தது வச்சிரம். மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை. வேதியியல் கணக்கில் கொலாஜன் என்கிற புரதம். நன்றாகக் காய்ந்திருக்கும்வரை கல் மாதிரி நிற்கும். ஈரம் ஏறிவிட்டால் பூசணத்துக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. உள் அட்டைகளை ஒட்டிய மாவுப்பசையை ராமபாணப் பூச்சி தின்னும். போதாததற்கு, வாசித்தவரின் வியர்வையும் தோல் துகளும் ப்ளஷ்ஷில் சேர்ந்திருக்கும். சாப்பாடு தயாராக இருக்கிறது. பூசணம் தண்ணீருக்குத்தான் காத்திருக்கிறது. சுற்றியிருக்கும் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றால் பூஞ்சை வித்துகள் முளைவிடும். அதற்குக் கீழே அவை உயிரோடு இருக்கும், ஆனால் முளைக்காது. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் 70ஐ ஒட்டியே இருக்கிறது என்பதை இங்கே கிட்டார் வைத்திருப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பெட்டியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் மக்கல் வாடை எங்கிருந்து வருகிறது? வளரும் பூஞ்சையும் அதோடு சேர்ந்து வாழும் பாக்டீரியாவும் வெளிவிடும் ஆவிகளின் கலவை அது. இரண்டு மூலக்கூறுகளைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது ஆக்டினால், முழுப்பெயர் 1-ஆக்டீன்-3-ஆல். காளானுக்கு உரிய வாசனை. லினோலிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தை உடைத்துப் பூஞ்சைகள் இதைச் செய்கின்றன. (மாட்டின் மூச்சிலும் இது உண்டு, கொசுவுக்குப் பிடித்த வாசனை என்பதால் கொசுப்பொறிகளில் இதையே வைக்கிறார்கள்.) இரண்டாவது ஜியோஸ்மின். முதல் மழை பெய்ததும் எழும் மண்வாசனை இதுதான். பீட்ரூட்டில் அடிக்கும் மண் வாடையும் இதுதான். மனித மூக்கு ஜியோஸ்மினை லட்சம் கோடிப் பங்கு தண்ணீரில் ஐந்தாறு பங்கு கலந்திருந்தாலே பிடித்துவிடுகிறது. சினிமாப் பாட்டுக்காரர்கள் கொண்டாடும் அதே மூலக்கூறு மூடிய பெட்டிக்குள் தங்கிவிட்டால் மூக்கைப் பொத்த வைக்கிறது.

இந்த ஜியோஸ்மினை வைத்துப் பார்த்தால், வாடை போக்குவதற்கு ஆளாளுக்குச் சொல்லும் வைத்தியங்களில் எது வேலை செய்யும், எது செய்யாது என்று பிரித்துவிடலாம். ஆப்ப சோடா கொட்டி வைக்கச் சொல்வார்கள். சோடா அமிலத்தோடு சேர்ந்து உப்பாகும். புளித்த பாலின் வாடைக்கு அது பொருந்தும், ஏனென்றால் அங்கே இருப்பது அமிலம். ஜியோஸ்மின் அமிலமும் இல்லை காரமும் இல்லை. அது ஒரு ஆல்கஹால். சோடாவுக்கு அதோடு ஒட்டுமில்லை உறவுமில்லை. கொட்டிய பொடி ப்ளஷ் இழைகளின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதை எடுப்பது தனி வேலை. காப்பித்தூளும் வாசனைச் சாம்பிராணியும் வாடையின் மேல் இன்னொரு வாடையைப் போர்த்துகின்றன. மூக்கு கொஞ்ச நேரத்தில் பழகிவிடுவதால் வேலை முடிந்தது போலத் தோன்றும். மறுநாள் காலையில் திறந்து பார்த்தால் இரண்டும் சேர்ந்து அடிக்கும்.

பழைய கார்களில் வாடை போக்கும் ஓசோன் இயந்திரத்தைப் பெட்டிக்குள் வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஓசோன் கார்பன் அணுக்களுக்கு இடையேயுள்ள இரட்டைப் பிணைப்பைத் தேடிப் போய் உடைக்கும். ஆக்டினாலில் அப்படி ஒரு பிணைப்பு இருக்கிறது, உடைந்துபோகும். ஜியோஸ்மினில் ஒன்றுகூடக் கிடையாது. குளோரின் போட்டாலும் ஓசோன் விட்டாலும் ஜியோஸ்மின் லேசில் அசையாது என்பது நகரக் குடிநீர் வாரியங்களுக்கு நன்றாகத் தெரிந்த தொல்லை. இதற்குள் ஓசோன் பெட்டியின் ரப்பர் துண்டுகளை வெடிக்க வைத்திருக்கும், துணிச் சாயத்தை வெளுத்திருக்கும், மூச்சுக்குழாயையும் எரிச்சலாக்கியிருக்கும். நான் அதன் பக்கம் போகச் சொல்லமாட்டேன்.

அந்தக் குடிநீர் வாரியங்கள் ஜியோஸ்மினுக்கு என்ன செய்கின்றன? ஆக்டிவேட்டட் கார்பன் போடுகின்றன. நீராவியில் சுட்டு உள்ளெல்லாம் நுண்துளையாக்கிய கரி. ஒரு கிராமின் உட்பரப்பை விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு வரும். ஜியோஸ்மினைப் போலத் தண்ணீரில் ஒட்டாத மூலக்கூறுகள் அந்தத் துளைச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்ளும். தேங்காய்ச் சிரட்டையில் செய்யும் கரிக்கு உலகச் சந்தையில் நல்ல பெயர் உண்டு. இலங்கையும் நம் கொங்குப் பகுதியும் அதை ஏற்றுமதி செய்கின்றன. நியூ ஜெர்சியில் ஒருவர் கிட்டார் பெட்டிக்குள் வைக்கும் கரிப்பை காங்கேயத்துக் கொட்டாங்குச்சியாகவே இருக்கலாம். சுத்தம் செய்த பெட்டிக்குள் 200, 300 கிராம் கரியை மெல்லிய துணிப்பையில் கட்டி, இரண்டு வாரம் மூடி வைத்தால் மிச்ச வாடையை அது வாங்கிக்கொள்ளும். ஆனால் ‘சுத்தம் செய்த பெட்டி’ என்பதை மறந்துவிடக் கூடாது. பூசணம் உள்ளே வளர்ந்துகொண்டே இருந்தால், அது புதிது புதிதாக அனுப்பும் ஆவியைக் கரி எத்தனை நாளைக்குத்தான் வாங்கும்?

சிகரெட் வாடை வேறு சாதி. இசைக்குழுக்கள் புகை மண்டிய மதுக்கூடங்களில் வாசித்த காலத்துப் பெட்டிகளில் அது கட்டாயம் இருக்கும். நிகோட்டின் ஒரு காரம். அமிலம் பட்டால் உப்பாகி, ஆவியாகாமல், தண்ணீரில் கரையும். டோலெக்ஸ் மேலுறையில் ஏறிய மஞ்சள் படலத்துக்கு, தண்ணீரில் நன்றாகக் கலந்த வினிகரால் ஒருமுறை துடைத்து, உடனே வெறும் ஈரத்துணியால் துடைத்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது. சோடா இங்கே நேர் எதிர்வேலை செய்யும்; உப்பாக ஒடுங்கியிருக்கும் நிகோட்டினையும் ஆவியாக்கிக் காற்றில் அனுப்பிவிடும்.

இப்போது தண்ணீர்க் கணக்கு. பெட்டிக்குள் ஈரம் என்றால் எல்லோரும் காற்றிலுள்ள ஈரத்தையே நினைக்கிறார்கள். 30 டிகிரி செல்சியஸில், இனி ஒரு துளிகூடத் தாங்காது என்னும் அளவுக்கு ஈரம் நிரம்பிய காற்றில், ஒரு கன மீட்டருக்கு 30 கிராம் நீராவி இருக்கும். நம் பெட்டியின் ஐம்பது லிட்டருக்கு ஒன்றரை கிராம். ஒரு தேக்கரண்டியில் பாதிகூட இல்லை. மரத்தைப் பாருங்கள். 50 சதவீத ஈரப்பதத்தில் மரம் தன் எடையில் 9 சதவீதம் தண்ணீர் பிடித்துவைத்திருக்கும். 80 சதவீதத்தில் அது 15, 16 ஆகும். பெட்டியின் மரமும் அட்டையும் துணியும் 3 கிலோ என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் ஏறத்தாழ 200 கிராம், ஒரு டம்ளர் தண்ணீர். பெட்டிக்குள் ஈரம் காற்றில் இல்லை, பெட்டியின் உடம்பில் இருக்கிறது. மூடியை ஒரு மணிநேரம் திறந்து வைத்தால் காற்று மாறும். மூடியதும் மரம் தன் தண்ணீரை விட்டு உள்காற்றைப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும்.

சிலிக்கா ஜெல் பொட்டலங்களின் பலமும் இதில் தெரிந்துவிடும். சிலிக்கா ஜெல் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்தான் பிடிக்கும். செருப்புப் பெட்டியில் வரும் பொட்டலத்தை எடுத்துப் போட்டால் ஓரிரு கிராமோடு கதை முடிந்தது. ஊறிய பெட்டியைக் காயவைக்க முக்கால் கிலோவாவது வேண்டும். அதைவிட ஏசி ஓடும் அறையில் மூடியை விரியத் திறந்து, மின்விசிறியைத் தூரத்தில் வைத்து, நான்கைந்து நாள் விட்டுவிடலாம். ஏசி இல்லாவிட்டால் வறண்ட மாதத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஐப்பசி மழையில் பெட்டியைத் திறந்து வைப்பது அதற்குத் தண்ணீர் காட்டுவது மாதிரி. மொட்டைமாடி வெயிலும் கூடாது. தரைக்கு வந்து சேரும் வெயிலில் கிருமியைச் சட்டென்று கொல்லும் புறஊதா-சி கிடையாது. வளிமண்டலம் அதை மேலேயே விழுங்கிவிடுகிறது. வெயிலில் பூசணம் அடங்குவது பெரும்பாலும் காய்ந்துபோவதால்தான். அதே வெயில் ப்ளஷ்ஷின் சாயத்தை வெளுக்கும், வச்சிரத்தை நொறுங்க வைக்கும், ப்ளைவுட்டை ஒரு பக்கமாக வளைக்கும். நிழலும் காற்றும் போதும்.

காய்ந்த பிறகே தூசி எடுக்க வேண்டும். ஈரத்தோடு தேய்த்தால் பூசணம் துணிக்குள் அப்பிக்கொள்ளும். காய்ந்தால் பொடியாக உதிரும். உள்ளே கழுத்துக்குக் கீழ் இருக்கும் சிறு அறையை முதலில் பாருங்கள். பழைய ரசீது, விலைச்சீட்டு, உதிரிக் கம்பி, பிளெக்ட்ரம், சில சமயம் இசைக்குழுவின் பாட்டுப் பட்டியல்கூட இருக்கும். கிட்டார் எந்தக் கடையில், எப்போது விற்றது என்பதற்கு அந்த ரசீதை விட்டால் வேறு சாட்சி இருக்காது. அதையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, வாக்குவம் க்ளீனரின் வாயில் நைலான் வலையைக் கட்டி, மெல்லிய தூரிகையால் தூசியை அதை நோக்கித் தள்ளவேண்டும். பூஞ்சை வித்துகள் பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரான். சாதாரண வாக்குவம் ஒரு பக்கம் உறிஞ்சி மறு பக்கம் அறை முழுக்க ஊதிவிடும். ஹெப்பா வடிகட்டி உள்ளது வேண்டும். அதன் தரநிலை 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பது. முகக்கவசமும் வேண்டும். செத்த வித்தும் ஒவ்வாமை கிளப்பும்.

மிஞ்சிய பூசணத்துக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 70 சதவீதம். 100 சதவீதம் இன்னும் வீரியமாக இருக்காதா? இருக்காது. சுத்த ஆல்கஹால் சட்டென ஆவியாகிவிடும். உயிரணுவின் புரதங்களைக் குலைப்பதற்குத் தண்ணீரும் சேர வேண்டும். முப்பது பங்கு தண்ணீர் அந்த வேலையையும் செய்து, ஆல்கஹாலைக் கொஞ்ச நேரம் பிடித்தும் வைக்கிறது. பிளீச்சிங் திரவம் பக்கமே போகக் கூடாது. அது பருத்தி, ரேயான் இழைகளை அறுக்கும். பின்னால் விட்டுப்போகும் குளோரைடு கீல்களைத் துருப்பிடிக்க வைக்கும். ஆல்கஹாலையும் மூலையில் ஒரு இடத்தில் பஞ்சுக்குச்சியால் தொட்டுப் பார்த்து, சாயம் ஒட்டவில்லை என்றால் மட்டும் தெளிக்கலாம். கிட்டார் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். அடுப்பும் விளக்கும்கூட.

துணிகளில் ரேயான் ப்ளஷ்தான் பொறுமையைச் சோதிக்கும். ரேயான் மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸ். நனைந்தால் தன் வலுவில் பாதிக்குக் கிட்ட இழந்துவிடும். பருத்தி நனைந்தால் பலம் கூடும்; ரேயானில் நேர்மாறு. ஈர ப்ளஷ்ஷைத் தேய்த்தால் இழைகள் கையோடு வந்துவிடும், அடியில் பின்னல் வழுக்கைபோலத் தெரியும். கிட்டார் ஐம்பது ஆண்டு படுத்து நசுங்கிய பள்ளத்தை நிமிர்த்த நீராவி உதவும். செல்லுலோஸ் சங்கிலிகள் நசுங்கிய நிலையிலேயே ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நீராவியின் மூலக்கூறுகள் இடையில் புகுந்து அந்தப் பிடியைத் தளர்த்தும்போது, மெல்லிய தூரிகையால் இழைகளைக் கிளப்பிவிட்டால், காயும்போது புதிய நிலையில் பிணைப்புகள் போட்டுக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டியை அரை அடி உயரத்தில் பிடித்து மூன்று நான்கு விநாடி நீராவி விடுங்கள். இழைநுனிகள் லேசாக நெளிந்து எழுவது கண்ணுக்கே தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். இன்னும் பத்து விநாடி விட்டால் வெப்பம் அடியில் இருக்கும் வச்சிரத்துக்குப் போய்விடும். 60 டிகிரியும் ஈரமும் சேர்ந்தால் அது மறுபடி கூழாகி, ப்ளஷ்ஷையே பழுப்பாக நனைத்துவிடும்.

வச்சிரத்தின் அந்தக் குணமே பழுது பார்ப்பவருக்குச் சாதகமும். மேலுறை தூக்கிக்கொண்ட இடத்தில் புது வச்சிரத்தை வெதுவெதுப்பாகத் தடவினால் பழையதை இளக்கி அதோடு சேர்ந்துவிடும். பிற்காலத்தில் வேறொருவர் பிரிக்க நினைத்தாலும் வெந்நீர்த் துணியால் பிரிக்கலாம். தச்சர்களின் வெள்ளைப் பசையான பிவிஏ பழைய வச்சிரத்தின் மேல் சரியாகப் பிடிக்காது. மூடிய பெட்டிக்குள் அசிட்டிக் அமில ஆவியையும் விட்டுக்கொண்டிருக்கும். ஈர நாற்றம் போக்கப் போய் அமிலத்தை உள்ளே குடிவைத்த கதை ஆகிவிடும்.

ட்வீட்டில் ஒரு கறையைக் கண்டதும் அந்த இடத்தை மட்டும் நனைத்துத் தேய்ப்பது பெரிய தப்பு. பழைய பருத்தியில் செல்லுலோஸ் சிதைந்து உண்டான பழுப்புப் பொருள்கள் எங்கும் பரவலாக, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றன. நனைத்த வட்டத்தில் தண்ணீர் அவற்றைக் கரைத்து, துணி காயும் விளிம்பை நோக்கி இழுத்துக்கொண்டு போகும். விளிம்பில் தண்ணீர் ஆவியாகும், பழுப்பு அங்கேயே தங்கும். கறை இருந்த இடம் வெளுத்து, சுற்றிலும் தேநீர் நிறத்தில் ஒரு கோடு நிற்கும். இந்தக் கோட்டைப் பழைய காகிதங்களைப் பாதுகாப்பவர்கள் தினம் பார்க்கிறார்கள். அதை முழுதாக எடுப்பது அநேகமாக நடக்காத காரியம். நனைப்பதானால் ஒரு முகம் முழுவதையும் ஒரே சீராக, பிழிந்த துணியால், சட்டென்று. அதற்கும் முன்னால் வல்கனைஸ் செய்த ரப்பர் ஸ்பாஞ்சால் உலர்வாகத் துடைத்துப் பார்க்கலாம். பாதி அழுக்கு அதிலேயே போய்விடும். அழுத்திய அட்டைப் பெட்டிகளுக்கு அந்த ஸ்பாஞ்சு மட்டும்தான். தண்ணீர் பட்டால் அட்டை ஊதி, பெயின்ட் பொரிந்துவிடும்.

சில பெட்டிகளைத் திறந்தால் மக்கல் வாடைக்குப் பதில் கற்பூர வாசனை வரும். நம் மூக்குக்கு அது கோயில் வாசனை. ஆனால் கிட்டார் பெட்டியில் அது அபாய அறிவிப்பு. 1930, 40களின் உயர்ரகக் கிட்டார்களில் விரல் கீறாமல் இருக்கப் பொருத்திய பட்டைகள், ஆமையோட்டு நிறத்தில் மின்னுபவை, செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரத்தைச் சேர்த்து இளக்கிச் செய்த பிளாஸ்டிக். ஈஸ்ட்மன் கோடக் 1951 வாக்கில் கைவிட்ட எரியும் படச்சுருளும் இதே பொருள். காலப்போக்கில் கற்பூரம் பறந்துபோகிறது, பட்டை சுருங்கி விரிசல் விடுகிறது, நைட்ரோசெல்லுலோஸ் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை விடுகிறது. காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அவை நைட்ரிக் அமிலமாகின்றன. அந்த அமிலமே மேற்கொண்டு சிதைவை வேகப்படுத்தும். திறந்த வெளியில் ஆவி கலைந்துபோய்விடும். மூடிய பெட்டியில் போக வழியில்லாமல் சிதைவு தன்னைத்தானே முடுக்கிவிடுகிறது.

அப்படி ஒரு பெட்டிக்குள் நடந்ததைக் கிட்டாரைப் பார்த்தே படித்துவிடலாம். பட்டையின் ஓரம் கற்கண்டு உடைந்தது போலச் சிறுசிறு கட்டங்களாகப் பிளந்திருக்கும். அதற்கு நேர் மேலே ஓடும் கம்பிகள் அந்தச் சாண் நீளத்துக்கு மட்டும் துருவேறி, மற்ற இடத்தில் பளபளப்பாகவே இருக்கும். பக்கத்திலுள்ள தங்க முலாம் பூசிய பாகங்களில் பச்சைக் களிம்பு பொட்டுப்பொட்டாகப் பூத்திருக்கும். தங்கத்தை அமிலம் ஒன்றும் செய்யவில்லை. முலாமின் ஊசித்துளைகள் வழியே இறங்கி அடியிலுள்ள பித்தளையைத் தின்றிருக்கிறது. பட்டையைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு எட்டாத தூரத்தில் தனியாக வைப்பதைத் தவிர வைத்தியம் இல்லை. பெட்டியின் ப்ளஷ்ஷும் அமிலத்தை வாங்கி வைத்திருக்கும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பிஎச் தாளை மறைவான ஒரு மூலையில் அழுத்திப் பாருங்கள். 4க்குக் கீழே காட்டினால் அந்தத் துணியைக் காப்பாற்றும் எண்ணத்தை விட்டுவிடலாம்.

பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடும் நம் வீட்டுப் பழக்கம் இங்கே உதவாது. நாப்தலீனும் பாரா டைகுளோரோ பென்சீனும் திடத்திலிருந்து நேராக ஆவியாகி, குளிர்ந்த பரப்பில் மறுபடி படிகமாகப் படியும். பிசின்களையும் சில பிளாஸ்டிக்குகளையும் இளக்கும். அருங்காட்சியகங்கள் துணிப்பூச்சிக்குப் பொருளைப் பாலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைக்கின்றன. அந்த வசதி இல்லாதவர்களுக்கு அடிக்கடி திறந்து தூசி எடுப்பதே வழி. இதே இளக்கும் தொல்லை பிவிசியிலும் உண்டு. அதை மெதுவாக்கச் சேர்த்த தாலேட் எண்ணெய்கள் ஆண்டுக்கணக்கில் வெளியே கசியும். பிவிசி தோள்பட்டியைக் கிட்டார் மேலேயே சுருட்டி வைத்து மூடினால், லாக்கர் பூச்சு அந்த எண்ணெயைக் குடித்து இளகி, பட்டியின் அச்சு அப்படியே பதிந்துவிடும். பாலியூரித்தேன் நுரை பிசுபிசுத்து உதிர ஆரம்பித்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், சுரண்டி எடுத்துவிட்டுப் பருத்திப் பஞ்சு வையுங்கள்.

தாழ்களுக்கு வருவோம். பெரும்பாலும் இரும்பின் மேல் நிக்கல் முலாம். துத்தநாகம் பூசிய இரும்பில் கீறல் விழுந்தால் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். நிக்கல் அப்படித் தியாகம் செய்யாது. ஈரம் பட்டால் இரண்டுக்கும் இடையே சிறு மின்கலம் உண்டாகி, கரைவது இரும்புதான். அதனால்தான் பளபளக்கும் தாழில் நடுவே மிளகளவு துருப்புள்ளி, அதற்கடியில் ஆழமான குழி. அலுமினியத் தாளைக் கசக்கி ஈரப்படுத்தி லேசாகத் தேய்த்தால் மேல்துரு போகும். அலுமினியம் நிக்கலைவிட மிருது என்பதால் கீறாது. பித்தளைத் தாழுக்குப் புளி போடலாமே என்று கேட்பீர்கள். புளியின் டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைக்கும், உண்மை. குத்துவிளக்கைக் கழுவிக் கொட்ட முடிகிறது. ரிவெட் அடித்துப் பெட்டியோடு இறுகிய தாழைக் கழுவ முடியாது. அடியில் தங்கும் அமிலம் ஆறு மாதத்தில் புதுக் களிம்பாக வெளியே வரும். கீலில் எண்ணெய் விடுவதும் ஊசிமுனையில் ஒரு சொட்டோடு நிற்கட்டும். தெளிப்பான் எண்ணெய் துணியில் பரவினால் அது தீராத கறை.

தோல் கைப்பிடியைத் தொட்டால் விரலில் செம்பொடி ஒட்டுகிறதா? செந்துகள் நோய் என்று வைத்துக்கொள்ளலாம். நகரக் காற்றின் கந்தக டைஆக்சைடு தோலுக்குள் கந்தக அமிலமாகி நாரை அறுத்துவிட்டது. மரப்பட்டைகளால் பதனிட்ட தோல்களுக்கு இது அதிகம். சென்னைத் தோல்கிடங்குகள் ஒரு காலத்தில் நம்பியிருந்த ஆவாரம்பட்டையும் இந்த நோய்க்குச் சீக்கிரம் இடம்கொடுக்கும் வகையைச் சேர்ந்ததுதான். எண்ணெய் தடவினால் கருக்குமே தவிர நார் மறுபடி முளைக்காது. கைப்பிடியை நம்பித் தூக்காதீர்கள், அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்து, வாடை போய், பெட்டி பார்க்க நன்றாக இருக்கிறது. கிட்டாரை உள்ளே வைக்கலாமா? மூக்குக்குத் தெரியாத ஆவிகளும் உண்டு என்பதால் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973இல் ஒரு சோதனையை வகுத்தார். காட்சிப் பேழையில் பயன்படுத்தப்போகும் துணி, மரம், பசை எதுவானாலும் ஒரு துண்டை வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடு கண்ணாடிக் குழாயில் அடைத்து, ஈரம் நிரம்பிய காற்றில் 60 டிகிரியில் 28 நாள் வைத்துப் பார்ப்பார்கள். வீட்டில் சூளை வேண்டாம். பெட்டியையே குழாயாக வைத்துக்கொண்டு, ஒரு பழைய வெள்ளிக் காசு, தேய்த்துப் பளபளப்பாக்கிய செம்புக் கம்பி, கத்தியால் சுரண்டிய தூண்டில் ஈயக்குண்டு மூன்றையும் ப்ளஷ்ஷில் படாமல் ஒரு கண்ணாடித் தட்டில் வைத்து மூடிவிடுங்கள். வெப்பம் குறைவு என்பதால் ஒரு மாதத்துக்குப் பதில் மூன்று மாதம் ஆகட்டும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவுங்கள். இதே மூன்றை வெளியில் ஒரு தட்டிலும் வைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வெள்ளி கறுத்திருந்தால் கந்தக ஆவி. கம்பளி ஃபெல்ட்டோ ரப்பரோ உள்ளே எங்கோ இருக்கிறது, தேடி எடுக்கலாம். செம்பு பச்சையானால் செல்லுலாய்டையும் குளோரைடையும் சந்தேகிக்க வேண்டும். ஈயத்தில் வெள்ளைப்பொடி பூத்திருந்தால் அசிட்டிக், ஃபார்மிக் அமிலங்கள்; அவை ப்ளைவுட்டிலிருந்தும் பசையிலிருந்தும் வருகின்றன, அதாவது பெட்டியின் எலும்பிலிருந்தே. அதை எந்தத் துடைப்பும் போக்காது. விலைமதிப்புள்ள பழைய கிட்டார் வைத்திருக்கும் பலர் அந்த நிலையில் செய்வதைத்தான் நானும் சொல்வேன்: கிட்டாருக்கு ஒரு புதுப்பெட்டி வாங்கி அதில் வையுங்கள். பழைய பெட்டியைக் காலியாக, தாழ் போடாமல், கரிப்பையோடு தனியே வையுங்கள். விற்கும் நாளில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் விலை குறையாது.